வெளியே மைனஸ் 45 டிகிரி, உள்ளே மண்ணெண்ணெய் புகை: சியாச்சின், லடாக் வீரர்களின் குடிலைச் சூடாக வைப்பதில் என்ன சிக்கல்?

2016 பிப்ரவரி 3. சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் சாவடி மீது பெரும் பனிச்சரிவு விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியன் பொறுப்பில் இருந்த சாவடி அது. உள்ளே 10 பேர். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி என தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் மட்டும் 4 பேர். யாரும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்றுதான் முதல் இரண்டு நாட்களில் செய்தி வந்தது.

ஆறாவது நாள் மீட்புக் குழு 25 அடிக்கும் மேல் தோண்டியபோது, கர்நாடகாவைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு இருந்தார். நாடே திரும்பிப் பார்த்தது. டெல்லி ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டு வந்தும் காப்பாற்ற முடியவில்லை. பிப்ரவரி 11-ம் தேதி அவர் இறந்தார்.

அந்த நாட்களில் வெளியான மருத்துவ அறிக்கையில் ஒரு வரியைப் பலர் கவனிக்கவில்லை. உடலில் நீர்ச்சத்து இல்லை, உடல் வெப்பம் குறைந்திருந்தது, ரத்தத்தில் ஆக்சிஜனும் சர்க்கரையும் குறைவு, நுரையீரல் தொற்று, சிறுநீரகமும் கல்லீரலும் பாதிப்பு என்று நீண்ட பட்டியல். ஆனால் பனிக்கடி இல்லை. வெளியே மைனஸ் 45 டிகிரி அடித்துக்கொண்டிருந்த இடத்தில் ஆறு நாள் கிடந்தவருக்கு விரல் நுனிகூட உறைந்து கருகவில்லை.

எப்படி? அவரைப் புதைத்த அதே பனிதான் அவரை வெளிக்குளிரிலிருந்து மறைத்தும் வைத்தது. சியாச்சினிலும் லடாக்கிலும் குளிர்காலம் முழுக்கக் காவல் காக்கும் ஆயிரக்கணக்கான வீரர்களின் குடில்களை எப்படிச் சூடாக வைப்பது என்ற கேள்விக்கும் இதே பனியில் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலை எவ்வளவு தூரம் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பனி எப்படி போர்வை ஆகும்?

தமிழில் ஒரு சின்னச் சிக்கல். மார்கழிக் காலையில் புல் மேல் இருப்பதும் பனி, வானத்திலிருந்து பஞ்சு மாதிரி கொட்டுவதும் பனி, ஃபிரிட்ஜில் உறைவதும் பனிக்கட்டி. ஆனால் வெப்பத்தைப் பொறுத்தவரை பஞ்சுப் பனிக்கும் பனிக்கட்டிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

புதிதாகக் கொட்டிய பஞ்சுப் பனியில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் காற்று. அந்தக் காற்று நகர வழியில்லாமல் துகள்களுக்கு இடையில் சிக்கிக் கிடக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளியும் ஸ்வெட்டரும் தெர்மாகோலும் வேலை செய்வது இதே முறையில்தான். (தெர்மாகோல் என்றதும் வைகை அணை ஞாபகத்துக்கு வந்தால், அது வேறு கதை.)

பனிக்கட்டி அப்படியல்ல. அது கெட்டியானது, உள்ளே காற்று இல்லை. புதுப் பஞ்சுப் பனியைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தி வெளியே விட்டுவிடும். ஆக, பனிச் சுவருக்குள் இருப்பவருக்கு அந்தச் சுவர் உருகி இறுகி ஐஸ் ஆகாமல் இருப்பது முக்கியம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பனி சூடு தராது. இருக்கிற சூடு ஓடிப்போவதை மெதுவாக்கும், அவ்வளவுதான். ஹனுமந்தப்பாவின் உடல் வெப்பம் குறைந்திருந்தது என்று மருத்துவ அறிக்கை சொன்னது அதனால்தான். மேலே அடித்த மைனஸ் 45 டிகிரியும் பனிக்காற்றும் அவரை எட்டவில்லை. ஆனால் அவர் உடல் மெல்ல மெல்லச் சூட்டை இழந்துகொண்டுதான் இருந்தது.

அப்படியென்றால் சூடு எங்கிருந்து வரும்? முதல் அடுப்பு மனித உடல்தான். சும்மா படுத்திருக்கும் ஒருவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவது போல. ஒரு குடிலில் 10 பேர் இருந்தால் 1,000 வாட். கடையில் விற்கும் சின்ன ரூம் ஹீட்டர் ஒன்றின் அளவு. சுவர் நன்றாக இருந்தால் இந்த 1,000 வாட் பெரிய விஷயம். சுவர் மோசமாக இருந்தால் அடுப்பு மேல் அடுப்பு வைத்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரிதான்.

இக்லூவில் வாசல் ஏன் கீழே இருக்கிறது?

இதை நடைமுறையில் செய்து காட்டியவர்கள் கனடா ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள். அவர்களின் இக்லூ ஐஸில் கட்டப்படுவதில்லை. காற்று அடித்து இறுகிய, ஆனால் இன்னும் காற்றுத் துளைகள் நிறைந்த பனியைக் கத்தியால் பாளம் பாளமாக வெட்டி, சுருளாக அடுக்கி எழுப்புகிறார்கள். வேட்டைக்குப் போகும் வழியில் தங்குவதற்குச் சின்னதாக, குடும்பம் குளிர்காலம் கழிக்கப் பெரிதாக.

உள்ளே நுழையும் வழி தரைமட்டத்துக்கும் கீழே குடைந்து போகும். தூங்கும் மேடை உயரத்தில் இருக்கும். சூடான காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று கீழே இறங்கும் என்பது பள்ளிப் பாடம். அதை அப்படியே வீடாக்கியிருக்கிறார்கள். மேடையில் படுத்திருப்பவரைச் சுற்றி வெதுவெதுப்பான காற்று தங்கும். குளிர்ந்த காற்று பள்ளத்துக்குள் இறங்கிக் கிடக்கும். கதவு இல்லாமலே வேலை நடக்கும்.

வெளியே மைனஸ் 40 இருக்கும்போது, ஆட்களின் உடல் சூட்டிலும் சீல் கொழுப்பில் எரியும் ஒரு கல் விளக்கிலும் உள்ளே பூஜ்ஜியத்தை ஒட்டி வந்துவிடும். அதற்கு மேல் போனால் சுவர் உருகாதா? உருகும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். நீண்ட நாள் தங்கும் இக்லூக்களில் சுவருக்கு உள்பக்கம் தோல்களைத் தொங்கவிட்டார்கள். தோலுக்கும் சுவருக்கும் நடுவில் குளிர்ந்த காற்று ஓர் அடுக்காக நிற்கும். உள்ளே 10 டிகிரிக்கு மேல் சூடானாலும் சுவர் உறைந்தே இருக்கும்.

கூரையில் ஒரு துளை. இதுதான் முக்கியம். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சூட்டை வேண்டுமென்றே வெளியே விடும் துளை. மூச்சுக்காற்றும் விளக்குப் புகையும் வெளியேற வேண்டும், புதுக் காற்று உள்ளே வர வேண்டும். விளக்கின் சூட்டில் உட்சுவர் லேசாக உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடி பூசியது போல ஆகிவிடும். சுவருக்கு அது பலம். ஆனால் அதற்குமுன் பனித் துளைகள் வழியாகக் கொஞ்சமாவது வந்துகொண்டிருந்த காற்று அதோடு நின்றுவிடும். அப்புறம் கூரைத் துளை ஒன்றுதான் கதி.

அடுப்பு உள்ளே வந்தால் என்ன ஆகும்?

இந்தத் துளையின் மதிப்பு என்ன என்பதைச் சாவின் விளிம்பு வரை போய்த் தெரிந்துகொண்டவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பேர்ட். 1934-ல் அண்டார்டிகாவில் வானிலையைப் பதிவு செய்ய, பனிக்குள் இறக்கிப் புதைக்கப்பட்ட ஒரு சிறிய குடிலில் அவர் தன்னந்தனியாகக் குளிர்காலத்தைக் கழித்தார். வெளியே வெப்பநிலை மைனஸ் 60-க்கும் கீழே போனது. குடில் நல்ல குடில்தான். எண்ணெய் அடுப்பும் இருந்தது.

மே மாதக் கடைசியில் அவர் சுருண்டு விழுந்தார். அடுப்பின் புகைக்குழாய் இணைப்புகளில் கசிவு, காற்றுப் போக்கிகளை அடைத்த உறைபனி, ரேடியோவுக்காக ஓடிய பெட்ரோல் இன்ஜினின் புகை என எல்லாம் சேர்ந்து கார்பன் மோனாக்சைடு அவரைத் தாக்கியது. அதன் பிறகு அவருக்கு இரண்டு வழிதான். அடுப்பை ஏற்றினால் விஷம், அணைத்தால் உறைபனி. தினமும் பல மணி நேரம் அடுப்பை அணைத்துவிட்டு நடுங்கிக்கொண்டே கிடந்தார். தளத்தில் இருந்தவர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. தன்னை மீட்க வந்து அவர்கள் சாகக்கூடாது என்பது அவர் எண்ணம். ஆனால் அவர் அனுப்பிய மோர்ஸ் செய்திகள் தாறுமாறாக வந்ததை வைத்தே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்து, ஆகஸ்ட் மாதம் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. எரிபொருள் போதிய காற்று கிடைக்காமல் அரைகுறையாக எரியும்போது உருவாகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு ரத்தத்தில் இடம் இருக்காது.

சமவெளியிலேயே இது ஆபத்து. சியாச்சினில் இரட்டை ஆபத்து. 19,000 அடிக்கு மேல் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் கிட்டத்தட்ட பாதிதான். காற்று மெலிந்த இடத்தில் அடுப்பும் சரியாக எரியாது. அதாவது விஷம் அதிகம் வரும் இடத்தில்தான் அதைத் தாங்கும் சக்தி உடலுக்குக் குறைவாக இருக்கிறது.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. கார்பன் மோனாக்சைடு தாக்கினால் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், சோர்வு, குழப்பம் வரும். உயரமான மலையில் உடல் பழகாதபோது வரும் நோய்க்கும் அறிகுறி அதேதான். தலை வலிக்கிறது என்று ஒரு வீரர் சொன்னால், உயரத்தால் வந்ததா, அடுப்பால் வந்ததா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. 'மலை ஏறினால் எல்லாருக்கும் வரும் தலைவலிதான், ஓய்வெடு' என்று சொல்லி அவரைத் திரும்ப அதே அடுப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

'புகாரி' என்றால் என்ன?

சென்னையில் புகாரி என்றால் பிரியாணி. காஷ்மீரிலும் லடாக்கிலும் புகாரி என்றால் அறையின் நடுவில் நிற்கும் இரும்பு அடுப்பு. உருளை வடிவம், மேலே கூரை வரை போகும் புகைக்குழாய். விறகு, நிலக்கரி, மண்ணெண்ணெய், டீசல் என்று எது கிடைக்கிறதோ அதில் எரியும். 1984 ஏப்ரலில் ஆபரேஷன் மேக்தூத் மூலம் இந்திய ராணுவம் சியாச்சினில் ஏறியதிலிருந்து மண்ணெண்ணெய்தான் அங்கே உயிர்நாடி. சமைக்க, பனியை உருக்கிக் குடிநீர் எடுக்க, குடிலைச் சூடாக்க எல்லாவற்றுக்கும் அதுதான். கேன்களில் ஹெலிகாப்டர் மூலம் இறக்கியது போக, பனியாற்றின் மேல் குழாய் போட்டும் மண்ணெண்ணெய் அனுப்பினார்கள் என்றால் தேவையைப் புரிந்துகொள்ளலாம்.

மண்ணெண்ணெய் அடுப்பைத் திட்டுவது சுலபம். ஆனால் அதன் நியாயத்தையும் பார்க்க வேண்டும். எடைக்கு எடை அவ்வளவு சூட்டைச் சுமந்து வரும் வேறு பொருள் அங்கே கிடையாது. வெயில் இல்லாத நாளிலும் எரியும். பழுதானால் யார் வேண்டுமானாலும் சரி செய்யலாம்.

விலை வேறு விதத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. மூடிய குடிலுக்குள் மாதக்கணக்கில் எரியும்போது கரி சுவரில் மட்டும் படிவதில்லை, நுரையீரலிலும் படிகிறது. புகைக்குழாய் இல்லாத அடுப்பு என்றால் ஈரமும் சேரும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்கும் மேல் நீர் ஆவியாக வெளிவருகிறது. அதோடு 10 பேரின் மூச்சு. இதெல்லாம் கூடாரத் துணியிலும் தூக்கப் பையிலும் படிந்து, இரவில் உறைந்து, காலையில் உருகி நனைக்கும். நனைந்த தூக்கப் பையில் காற்று இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. முதலில் சொன்ன கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும். சூடாக்க வைத்த அடுப்பே போர்வையின் சூட்டைத் திருடும்.

இன்னொரு சங்கடம், குடில் நிற்பதே பனிக்கட்டி மேல். தரைக்கு அடியில் சரியான தடுப்பு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சூடு கீழே இறங்கி, நிற்கும் இடத்தையே உருக்கும்.

சியாச்சினில் 1984-லிருந்து 2015 வரை 869 ராணுவத்தினர் உயிரிழந்ததாக அப்போது நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. குண்டைவிடக் குளிரும் உயரமும் பனிச்சரிவும்தான் அங்கே அதிகம் கொன்றிருக்கின்றன. இதில் புகையால் போனவர்கள் தனி வரியாகக் காட்டப்படவில்லை.

பணம் ஒதுக்கவில்லையா?

ஒதுக்கினார்கள். மத்திய கணக்குத் தணிக்கைத் துறையான சிஏஜியின் அறிக்கை ஒன்று 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. உயரமான மலைப்பகுதிகளில் வீரர்களுக்கான உடை, கண்ணாடி, உணவு, குடியிருப்பு பற்றியது. பனிக் கண்ணாடிகளுக்குக் கடும் தட்டுப்பாடு என்பதுதான் அன்று தலைப்புச் செய்தி ஆனது. குடியிருப்பு பற்றி அதே அறிக்கை சொன்னதை அவ்வளவாக யாரும் பேசவில்லை. வீரர்களின் குடில்களை மேம்படுத்த எடுத்த முன்னோட்டத் திட்டம் முறையான திட்டமிடல் இல்லாமல் நடத்தப்பட்டது, சுமார் 274 கோடி ரூபாய் செலவழித்தும் வெற்றி பெறவில்லை என்று சிஏஜி குறிப்பிட்டது.

நான்கே மாதத்தில் கல்வான் மோதல். 2020 ஜூன் 15 இரவு 20 இந்திய வீரர்கள் வீரமரணம் அடைந்தார்கள். ராமநாதபுரத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். அதுவரை குளிர்காலத்தில் ஆள் குறைக்கப்பட்டு வந்த கிழக்கு லடாக்கில், அந்த ஆண்டு சுமார் 50,000 பேர் குளிர்காலத்தையும் அங்கேயே கழிக்க வேண்டிய நிலை வந்தது. அவசர அவசரமாகக் கட்டினார்கள். மின்சாரம், தண்ணீர், சூடாக்கும் வசதியோடு தங்குமிடங்கள் தயார் என்று 2020 நவம்பரில் ராணுவம் அறிவித்தது. முன்வரிசையில் நிற்பவர்களுக்குச் சூடாக்கிய கூடாரங்கள்.

அடுப்பையும் மாற்றினார்கள். டிஆர்டிஓ 'ஹிம் தாபக்' என்ற புதிய அடுப்பை உருவாக்கியது. கார்பன் மோனாக்சைடு ஆபத்து இல்லை, பழைய புகாரியைவிட எரிபொருள் கிட்டத்தட்ட பாதி போதும் என்பது டிஆர்டிஓ சொல்லும் கணக்கு. 420 கோடி ரூபாய்க்கு ராணுவம் ஆர்டர் கொடுத்திருப்பதாக 2021 தொடக்கத்தில் செய்தி வந்தது.

நல்ல முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் அடுப்பை மாற்றுவதும் சுவரை மாற்றுவதும் ஒன்றல்ல. எவ்வளவு நல்ல அடுப்பாக இருந்தாலும் புகைக்குழாய் வாயைப் பனி மூடிவிட்டால் கதை பேர்டின் கதைதான். பனிப்புயல் அடிக்கும் இரவில் குழாயையும் காற்றுத் துளையையும் யாராவது எழுந்து போய்ச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். அந்த வேலைக்கு இன்னும் மண்வாரிதான்.

வாங்சுக்கின் கூடாரம் என்ன செய்தது?

2021 பிப்ரவரியில் லடாக்கின் சோனம் வாங்சுக் ஒரு கூடாரத்தின் படங்களை வெளியிட்டார். தமிழ் ரசிகர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய 'நண்பன்' போதும். அதன் மூலமான '3 இடியட்ஸ்' படத்தின் நாயக பாத்திரத்துக்கு உந்துதலாகச் சொல்லப்படுபவர் இவர். 2025 செப்டம்பரில் லே போராட்டத்துக்குப் பிறகு தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானபோது மறுபடி செய்தியில் அடிபட்டவரும் இவரே.

அவர் காட்டியது வெயிலில் சூடாகும் ராணுவக் கூடாரம். முந்தைய இரவு வெளியே மைனஸ் 14 வரை போன இடத்தில், இரவு 10 மணிக்கு உள்ளே 15 டிகிரி. அடுப்பு கிடையாது, மண்ணெண்ணெய் கிடையாது. 10 பேர் தங்கலாம், எந்தப் பாகமும் 30 கிலோவுக்கு மேல் இல்லாததால் வீரர்களே தூக்கிப் போகலாம் என்றார்.

ரகசியம் ஒன்றும் இல்லை. கூடாரத்தின் தெற்குப் பக்கம் வெளிச்சம் நுழையும்படி இருக்கும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கில் தாழ்வாகப் போவதால் வெயில் நேராக உள்ளே விழும். பகலில் வீரர்கள் உட்காரும் இடம் அது. அதற்கும் தூங்கும் அறைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு பகல் முழுக்க வெப்பத்தைக் குடித்து, இரவில் தூங்குபவர்கள் பக்கம் மெல்ல விடும். தூங்கும் அறையைச் சுற்றிலும் பல அடுக்கு வெப்பத் தடுப்பு. வெயில் காலத்து மொட்டை மாடி ராத்திரி 11 மணிக்கும் சுடும் இல்லையா, சென்னைவாசிகளைத் தூங்க விடாத அதே சங்கதிதான். அங்கே அது வரம்.

லே அருகே அவர் தொடங்கிய செக்மோல் பள்ளி வளாகத்தில் மண் சுவர்களையும் தெற்கு வெயிலையும் வைத்தே பல குளிர்காலங்களைக் கடத்தியிருக்கிறார்கள். அதனால் இது ட்விட்டரில் மட்டும் வேலை செய்யும் யோசனை இல்லை.

அப்போ எல்லா இடத்திலும் இதையே வைக்கலாமே?

முடியாது. வெயில் விழும் அகலமான பள்ளத்தாக்குக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். லடாக்கின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 300 நாளுக்கு மேல் வெயில் உண்டு. ஆனால் செங்குத்தான மலைகளுக்கு இடையே இருக்கும் குறுகிய பள்ளங்களில் குளிர்காலத்தில் சில மணி நேரம்தான் சூரியன் தெரியும். சியாச்சினின் உச்சிச் சாவடிகளில் பனிப்புயல் நாட்கணக்கில் நீடிக்கும். வெயில் வரவில்லை என்பதற்காகக் காவலை விட்டு இறங்க முடியாது. அங்கே அடுப்பு ஏதாவது ஒரு வடிவில் இருந்தே தீரும்.

எதிரி பார்வையும் ஒரு விஷயம். தெற்குப் பக்கம் பளபளக்கும் கூடாரம் முன்வரிசையில் இலக்காகிவிடலாம். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. சூட்டைக் கசியவிடும் குடில், வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமராவில் இரவில் விளக்கு மாதிரி தெரியும். புகைக்குழாய் புகையோ பகலிலேயே காட்டிக்கொடுக்கும். சுவரில் வெப்பத் தடுப்பைக் கூட்டினால் வீரருக்குக் கதகதப்பு, ராணுவத்துக்கு மறைவு என்று இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிறது. அதனால் பாதுகாப்பைக் காரணம் காட்டி நல்ல சுவரைத் தள்ளிப்போட முடியாது.

வெயில் காலத்துச் சூட்டைக் குளிர்காலத்துக்கு எடுத்து வைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு என்ற உப்பைக் கோடை வெயிலில் காய வைத்து, குளிர்காலத்தில் ஈரக் காற்றைச் செலுத்தினால் அது சூட்டை வெளியிடும். இந்த உப்பை வைத்து மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் இமயமலைச் சாவடிகளுக்கான வெப்பச் சேமிப்புப் பெட்டியை உருவாக்கினார்கள். இன்னொரு பக்கம், பாங்காங் ஏரிக்கு அருகே சுஷூலில் என்டிபிசி நிறுவனம் 200 கிலோவாட் மின்சாரத் திட்டத்தை எடுத்திருக்கிறது. பகல் வெயிலில் ஹைட்ரஜன் தயாரித்து, இரவில் அதிலிருந்து மின்சாரம் எடுப்பது. டீசல் ஜெனரேட்டர்களுக்குப் பதிலாக. 2024-ல் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் இதற்கு அடிக்கல் நாட்டினார்.

2024 அக்டோபரில் டெப்சாங், டெம்சோக் பகுதிகளில் ரோந்து செல்வது பற்றி இந்தியாவும் சீனாவும் உடன்பாட்டுக்கு வந்தன. அதனால் வீரர்கள் எல்லாம் கீழே இறங்கிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. மின்சாரம், ஹைட்ரஜன் எல்லாம் வரட்டும். ஆனால் ஒற்றைத் துணிக் கூடாரத்துக்குள் ஹைட்ரஜனில் ஓடும் ஹீட்டர் வைத்தாலும் சூடு வெளியேதான் போகும். ஒருமுறை போடும் சுவருக்கான செலவைவிட, ஆண்டுதோறும் மேலே ஏற்றும் எரிபொருளுக்குத்தான் அதிகாரக் கோப்புகளில் எளிதாக ஒப்புதல் கிடைக்கிறது என்று தோன்றுகிறது. 274 கோடியில் நடந்தது மறுபடி நடக்காமல் இருக்க, எந்தச் சாவடிக்கு எந்தக் குடில், உள்ளே எத்தனை டிகிரி, காற்றில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று குளிர்காலம் முழுக்க அளந்து பார்ப்பதுதான் முதல் வேலை. அளக்கும் கருவி விலை உயர்ந்தது ஒன்றும் இல்லை.

கொடைக்கானலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பனிமலைச் சாவடிகளுக்கு வெளியேயும் இதே விஷம் கொல்கிறது. 2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரு வாடகை வீட்டில் கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் என ஒரே குடும்பத்தில் 5 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். குளிருக்காக வைத்த ஹீட்டர்தான் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. கொடைக்கானலில் 2024 ஆகஸ்ட் மாதம் சுற்றுலா போன இரண்டு பேர், இறைச்சி சுட்ட கரி அடுப்பைக் கணக்கில் எடுக்காமல் தூங்கி, விடிந்தபோது சடலமாகக் கிடந்தார்கள்.

ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அடுப்புக்கரியை மண் சட்டியில் போட்டு அறைக்குள் வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. புகை வரவில்லையே, கங்குதானே என்று நினைப்பதில்தான் ஆபத்து. புகை இல்லாத செங்கங்குதான் கார்பன் மோனாக்சைடைச் சத்தமில்லாமல் வெளியிடும். கரி அடுப்போ ஜெனரேட்டரோ, தூங்கும் அறைக்குள் வரவே கூடாது. புகைக்குழாய் இருக்கும் கணப்பு என்றாலும் ஜன்னலில் ஒரு விரற்கடை திறந்திருக்க வேண்டும். கொஞ்சம் குளிரும், பரவாயில்லை. அறையில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், மாத்திரை தேடும் முன் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டு வந்துவிட வேண்டும்.